பதினேழாம் பறவையின் பல்

பதினேழாம் பறவைக்கு முதலில் பல் இருந்தது. இதை நான் அடித்துச் சொல்வேன், என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே பறவையை, அதே மேசையில், அதே விளக்கில் பார்த்தால் பல் இல்லை. செத்துப் பன்னிரண்டு கோடி வருஷம் ஆன ஒன்றுக்கு இதற்குமேல் பல் விழ என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஏதோ ஒரு காலத்து ஏரியின் அடியில் சேறு படிந்து, கல்லாகி, ஏடு ஏடாகக் கிடந்த இடத்திலிருந்து வெட்டியெடுத்த பதினெட்டுப் பலகைக் கற்கள். ஒவ்வொன்றிலும் நசுங்கிப்போன ஒரு பறவை. அடி ஏட்டில் கிடைத்தது ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கிடைத்தது பதினெட்டு. நீள மேசையில் அந்த வரிசையிலேயே வைத்திருந்தோம். ஒன்றாவதைப் பறவை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல்லி மாதிரி நீள வால், விரல் நுனியில் கொக்கி நகம், வாய் நிறையப் பல், அத்தனைக்கும் மேலே இறகு. பதினெட்டாவது, இன்றைக்கு ஜன்னலில் வந்து உட்காருகிற பறவை மாதிரியே. வாலெலும்பு சுருங்கி, விரல்கள் ஒட்டி, மார்பெலும்பு புடைத்து, வெறும் அலகு. மேசையோரம் விறுவிறுவென்று நடந்தால் பதினெட்டுப் பறவை தெரியாது. ஒரே பறவை உடம்பை மாற்றிக்கொண்டே கூட வருகிற மாதிரி இருக்கும். திரும்பி நடந்தால் அதுவும் திரும்பி வரும். சேர்ந்த புதிதில் ஒருமுறை அப்படி நடந்து பார்த்தேன். அதற்குப் பிறகு சுவரோரமாகத்தான் போவேன்.

எங்கள் விஞ்ஞானிக்கு நாங்கள் வைத்த பெயர் வால் சார். குறும்பு பண்ணுகிறவர் என்பதால் இல்லை. பாவம், அவருக்குச் சிரிக்கவே தெரியாது. காலையில் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் "வால் என்னாச்சு?" என்று கேட்பார், அதனால். மற்ற விலங்குக் கூட்டங்கள் உடம்பில் ஒரு மாற்றம் செய்து முடிப்பதற்குள் ஆரம்பகாலப் பறவைகள் நாலைந்து செய்துவிட்டன, அதிலும் தோளிலும் கையிலும் ரொம்ப அவசரம் என்பது அவர் கட்சி. அந்த வேகத்தை அளக்கத்தான் எங்களை வைத்திருந்தார்.

ஒவ்வொரு பறவையிடமும் இருநூற்றுப் பத்துக் கேள்வி கேட்போம். மேல்தாடையில் பல் உண்டா? முதல் விரலில் நகம் உண்டா? இப்படி. பதில் மூன்றே மூன்று. உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் பூஜ்யம். அந்த இடத்தைக் கல் மூடியிருக்கிறது, உடைந்திருக்கிறது, எதுவும் சொல்வதற்கில்லை என்றால் கேள்விக்குறி, அதை "தெரியல" என்போம். பார்க்கிற ஆள் எழுதக்கூடாது, எழுதுகிற ஆள் பார்க்கக்கூடாது. பார்க்கிறவருக்கு ஓர் ஆசை வந்துவிடும், பேனாவும் கையில் இருந்தால் ஆசையை எழுதிவிடுவார் என்பார் வால் சார். அரைகுறையாகச் சுத்தம் செய்ததும் ஒரு தடவை, முழுதாகச் சுத்தம் செய்தபின் ஒரு தடவை படிப்போம். முதல் படிப்பை எழுதிய தாள் உறையில் போட்டு ஒட்டி அலமாரிக்குள் போய்விடும்.

பார்க்கிறவள் என் அண்ணி, எழுதுகிறவள் நான். அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறான், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணி கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எனக்குத் தலை பின்னியதும் அவள்தான், புள்ளி வைக்காமல் மொட்டை எழுத்தில் கிறுக்கிக்கொண்டிருந்த என்னை உட்கார வைத்து எழுதப் பழக்கியதும் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஊசியால் கல்லைச் சுரண்டி, எலும்பை வெளியே எடுக்கிறாள். கடுகில் பாதி இருக்கிற பல்லை நோகாமல் எடுப்பாள். அந்த அறையே அண்ணியின் கண்ணை நம்பித்தான் இருந்தது. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கண்தான். சுரண்டின தூளைக்கூட வீணாக்க மாட்டாள், கல்லுக்கொரு டப்பாவில் எண் போட்டு மூடி வைப்பாள். "எதையும் தூக்கிப் போடாதடி. என்னைக்காவது கேப்பாங்க" என்பாள்.

அந்த வருஷம் அண்ணிக்குச் சில புதுப் பழக்கங்கள் வந்தன. எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்காமல், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்ன அண்ணி, பறவையோட பழகிப் பழகி நீங்களும் அப்படியே ஆயிட்டீங்க. அடுத்து கொத்துவீங்களா?" என்றேன்.

"கொத்தி எடுக்க உன் மண்டையில என்னடி இருக்கு?" என்றாள்.

எலும்பை வரைய வாங்குகிற கட்டம் போட்ட தாள் கோணலாக அச்சாகியிருக்கிறது என்று கடைக்காரரை இரண்டு முறை திட்டித் திருப்பி அனுப்பினாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது, ஆனால் அண்ணி கண்ணோடு யார் வாதாடுவது? தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தாலும் கண்டுகொள்ளாமல் வருவாள். அவர்கள் வாயைத் திறந்ததும், "என்னங்க, ஆளையே காணோம்!" என்று வாய் நிறைய விசாரிப்பாள். மாடிவீட்டு அக்கா ஒருநாள், "உங்க அண்ணிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றார். நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன்.

பதினேழாவது கல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பதினாறுக்குப் பல், நகம், வால் நுனி எல்லாம் உண்டு. பதினெட்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் கல். பதினேழு கிடைத்தது பதினாறுக்கு ஒரு விரற்கடை மேலே. அதற்குப் பல் இருந்தால், மாற்றம் சாவகாசமாக நடந்திருக்கிறது. இல்லையென்றால், ஒரு விரல் கனத்துச் சேறு படிவதற்குள் ஒரு பறவை பாதி உடம்பை உதறிவிட்டது. அந்த வகையில் கிடைத்தது அது ஒன்றுதான், அதைக் கெடுத்தால் வேறு கிடையாது.

இரண்டாம் படிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. தூசியை உறிஞ்சுகிற குழாய் மட்டும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

"மேல்தாடைப் பல்?" என்றேன்.

அண்ணி நெடுநேரம் குனிந்தபடியே இருந்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள். "காணோம்" என்றாள்.

பூஜ்யம் போட்டேன்.

"கீழ்த்தாடைப் பல்?"

"காணோம்."

"முதல் விரல் நகம்?"

"காணோம்டி."

இப்படி ஏழு. நான் ஏழு பூஜ்யம் போட்டேன், ஒவ்வொன்றும் முட்டை முட்டையாக, அழகாக. வால் சார் தாளை வாங்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்குப் பல் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை பெரிய கூட்டம் ஒன்றில் பேசப் போவதாகவும், இரண்டு படிப்பையும் சேர்த்துக் கட்டி வைக்கும்படியும் சொல்லிவிட்டுத் தலைகால் புரியாமல் வெளியே போனார்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் உறையைப் பிரித்தேன். எங்கள் வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் படிப்பில் "தெரியல" என்றது பின்னால் "உண்டு" ஆகலாம், "இல்லை" ஆகலாம். "உண்டு" மட்டும் "இல்லை" ஆகவே கூடாது. கல்லைச் சுரண்டச் சுரண்ட எலும்பு கூடத்தான் செய்யும், குறையாது. பதினேழாம் பறவைக்கு ஏழு "உண்டு" இருந்தது. ஏழும் "இல்லை" ஆகியிருந்தது.

எழுதுகிறவள் பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன். கல் வந்த அன்று எடுத்த புகைப்படத்தில் தாடையோரம் மூன்று கறுப்பு முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. கல்லில் அந்த இடம் மழமழவென்று இருந்தது. விரல் நுனிகள் உருண்டிருந்தன. வால் நுனி குட்டையாகியிருந்தது. யாரோ உடைத்த மாதிரி இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை, எப்போதுமே அப்படித்தான் இருந்த மாதிரி அமைதியாக இருந்தது. மேசையில் பக்கத்திலிருந்த பதினெட்டைப் பார்த்துப் பார்த்து, மூன்றே மாதத்தில் அதைப் போலவே ஆகிவிட்டிருந்தது.

பதினாறின் பல்லை எண்ணினேன். பதினொன்று. மறுநாள் வந்ததும் முதல் வேலையாக எண்ணினேன், பத்துதான் வந்தது. மறுபடி எண்ணினேன், பதினொன்று. யாரிடம் சொல்வது? கல் பறவை மாறுகிறது என்று சொன்னால் என்னைத்தான் வேறு இடத்தில் கொண்டுபோய் அடைப்பார்கள். வீட்டில் அண்ணி சாப்பிட உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு, விரல் நுனியால் தட்டில் அங்கே இங்கே தொட்டுத் தொட்டு எடுத்தாள். திடீரென்று ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, "ஏன்டி சாப்பிடாம உக்காந்திருக்க?" என்றாள். எனக்கு என் அண்ணியைப் பார்க்கப் பயமாக இருந்தது. இருபது வருஷத்துக்குமேல் கூட இருந்தவளைப் பார்த்துப் பயந்தது அதுதான் முதல்முறை.

மூன்றாம் நாள் மதியம்தான் அந்தத் தூள் டப்பா ஞாபகம் வந்தது. பதினேழு என்று அண்ணி கையெழுத்தில் எழுதியிருந்த டப்பாவைத் திறந்து, கட்டம் போட்ட தாளின் நடுவில் கொட்டி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தேன். சாம்பல் நிறக் கல்தூளுக்குள் கறுப்பாக, பளபளவென்று பொடிகள். ஒன்று முனை மழுங்காத பல். இன்னொன்று வளைவாக, கொக்கி நகத்தின் பாதி. பறவை எதையும் உதறவில்லை. எல்லாவற்றையும் ஊசி சுரண்டி எடுத்திருக்கிறது. அந்த ஊசியைப் பிடிக்கிற கை உலகத்தில் ஒன்றுதான்.

அண்ணி சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான் அந்தத் தாளைத் தூளோடு அவள் முன்னால் வைத்தேன்.

"அண்ணி, இதைப் பாருங்க. தலையைச் சாய்க்காம, நேரா நடுவில பாருங்க."

"மறுபடி அந்தக் கடைக்காரன்கிட்டயா வாங்கின? கோடெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டுப் போகுது பாரு."

"நடுவில என்ன இருக்கு?"

"நடுவில என்ன இருக்கும்? வெள்ளைத் தாள்."

நடுவில் ஒரு கைப்பிடித் தூள் குவிந்திருந்தது. நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருக்கிற ஆள் நான் இல்லை என்பது அண்ணிக்குத் தெரியும். மெதுவாகக் கையை நீட்டித் தாளைத் தடவினாள். விரல் குவியலில் பட்டதும் அப்படியே நின்றது.

"எப்போலேர்ந்து அண்ணி?"

அண்ணி நாற்காலியைத் துழாவாமல், தடுமாறாமல், சாதாரணமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுதான் எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"எட்டாவது கல்லு முடிக்கும்போதே ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். இருட்டா வந்திருந்தா அன்னைக்கே பயந்து டாக்டர்கிட்ட போயிருப்பேன்டி. இருட்டே இல்ல. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நேராப் பாக்குற இடத்துலயும் ஓட்டை இல்ல. கல்லைப் பாத்தா கல்லு, சுவரைப் பாத்தா சுவர். எல்லாம் முழுசாத்தான் இருக்கு. அதில இருக்க வேண்டியதுதான் இருக்கறதில்ல."

"பல்லு?"

"மூணு மாசம் முன்னாடி அது தெரிஞ்சுது. இப்ப இருக்கணுமேன்னு தேடினேன். கல்லுதான் தெரிஞ்சுது. அடியில இருக்கும்னு இன்னும் கொஞ்சம் எடுத்தேன். அப்பவும் கல்லு. இன்னும் கொஞ்சம் எடுத்தேன்."

எனக்கு அழுகை வரவேண்டிய நேரத்தில் ஆத்திரம்தான் வந்தது. என் புத்தி அப்படி. "கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எதுக்கு இல்லைன்னு சொன்னீங்க? ஏழு தடவை! நானும் ஏழு பூஜ்யம் போட்டேன்!"

அண்ணியின் முகம் மாறியது. "நான் இல்லைன்னு சொன்னேனா?"

"பின்ன?"

"காணோம்னுதானே சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே! பர்ஸைக் காணோம்னா பர்ஸ் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"பத்து மாசமா உங்க அண்ணனைக் காணோம்னு தினம் புலம்புறேன். அதுக்காக உங்க அண்ணன் இல்லைன்னு எழுதிடுவியா?"

நான் போட்ட ஏழு முட்டையும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"தெரியலன்னு சொன்னா ஏன்னு கேப்ப. மூடியும் இல்ல, உடையவும் இல்ல, என்னன்னு பதில் சொல்றது?" அண்ணி குரல் இறங்கிவிட்டது. "இல்லைன்னு சொல்ல வாய் வரல. பொய்யாயிடும். அதான் காணோம்னேன். நீயாவது நிமிர்ந்து, என்ன அண்ணி, காணோம்னா என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன்."

மூன்று பதிலுக்கு நடுவே அவள் நாலாவதாக ஒன்றை என் காதில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தலையைக்கூடத் தூக்காமல் முட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டாவது கல்லிலிருந்து எத்தனை "காணோம்"? எந்தப் பூஜ்யம் நிஜமான "இல்லை", எந்தப் பூஜ்யம் "காணோம்" என்பதற்கு என் தாளில் ஓர் அடையாளமும் கிடையாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவளுடைய கண் போனது தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் அந்த நிமிஷம் என் புத்தி போனது வேறு பக்கம். இது வெளியே தெரிந்தால் அண்ணியின் நாற்காலி போய்விடும். அவளுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு உலகம் கிடையாது. வால் சாரோ சந்தோஷமாக இருக்கிறார். உறையில் இருக்கிற தாளையும் இந்த டப்பாவையும் தவிர வேறு சாட்சி இல்லை. "அண்ணி, இந்தத் தூளைக் கொட்டிட்டு வந்துடறேன். இனிமே நானே பாத்து உங்களுக்குச் சொல்றேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொல்லித் தாளை மடிக்கப் போனேன்.

என் மணிக்கட்டை அண்ணி பிடித்தாள். குறி தப்பாமல், இறுக்கமாகப் பிடித்தாள். "அதுல பல்லு இருக்குடி" என்றாள். "நான் தொலைச்சது மொத்தமும் அதுலதான் இருக்கு. டப்பாவில போடு. நானே அவர்கிட்ட கொண்டு போறேன்."

வால் சார் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து அந்தத் தூளை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன், பதிலுக்குப் பேச நாலு வார்த்தைகூடச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்துக் கேட்டது, "டாக்டர்கிட்ட போனீங்களாம்மா?" என்பதுதான். வால் பற்றி அன்று ஒரு வார்த்தை இல்லை.

கூட்டத்தில் பேசப் போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லா டப்பாவையும் சலித்தோம். பதினெட்டின் தூளில் பல் இல்லை. பதினேழின் பல்லும் நகமும் டப்பாவிலிருந்து தாளுக்குத் திரும்பி வந்தன. தோளெலும்பையும் மார்பெலும்பையும் ஊசியால் அப்படித் தொலைத்துவிட முடியாது, அங்கே அந்தப் பறவைகள் மாறிய வேகம் நிஜம்தான். பல்லில் மட்டும் அவசரமே இல்லை. அவசரம் எங்களுடையது. கண் டாக்டரோ, நடுவில் போனது போனதுதான், ஓரத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை. அண்ணி தானாகவே எழுந்து, ஊசிகளைத் துடைத்துத் துணியில் சுருட்டி வைத்துவிட்டு, என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது எனக்கு ஒரே வேலைதான். எட்டிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வொரு பூஜ்யத்தையும் எடுத்து, சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி போட வேண்டும். பேச்சு வராத வேலை. நேற்றுக் காலை பத்து மணி வெயில் ஜன்னல் வழியாக என் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நூறு கேள்விக்குறி போட்டு முடித்திருப்பேன். அண்ணி தலையைச் சாய்க்காமல், பழைய மாதிரி, நேராக என்னைப் பார்த்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் நேராகப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சிரித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கடி போன, வாயாடி?" என்றாள். "ஆளையே காணோம்."

ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முகம் இருந்த இடத்தில் அவளுக்கு என் பின்னால் இருக்கிற சுவர் முழுசாகத் தெரிந்திருக்கிறது, ஓட்டையில்லாமல், வெயிலோடு.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உண்டு அண்ணி" என்றேன். "உண்டு."